தீட்டாத கத்தி

என் அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்தில் கிழித்ததெல்லாம் சாக்கு மூட்டைகளைத்தான். பதினெட்டு வருடம் ஸ்டோரில் உட்கார்ந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு பூட்ஸும் கம்பளியும் எடுத்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்று வந்தபோது ஒரு சண்டைக் கத்தியையும் கொண்டுவந்தார். உபரியாகக் கிடந்ததாம்.

கத்தியைக் குறை சொல்ல மாட்டேன். கருப்பு அலகு, தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடி. தாத்தா காலத்து வடிவத்தை இன்றுவரை யாரும் மாற்றத் துணியவில்லை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. அலகின் நடுவே ஓடும் பள்ளம் எடை குறைக்கப் போட்டது. ஆனால் முடிவெட்டப் போன இடத்தில் அவர் இடுப்பில் அதைப் பார்த்த சலூன்காரர், "ரத்தம் வழியறதுக்கா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தான் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "மூணு பேரு ரத்தம்" என்றார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு இருபது வருடம் ஓடியது. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் கத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளிம்பை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். "எலும்பு வரைக்கும் இறங்கிடும்" என்பார். நான் ஒருநாள் அவர் இல்லாதபோது தடவிப் பார்த்தேன். வெண்ணெயைக்கூட வெட்டாது. அந்தக் கத்திகள் ஸ்டோருக்குக் கூர் வைக்காமல்தான் வரும், வாங்குகிற சிப்பாய்தான் தீட்டிக்கொள்வான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாவம், வீட்டில் இருக்கிற மரியாதை போய்விடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த அவர் மகனும் பட்டாளத்தில் சேர்ந்தான். எல்லைக்குப் போகும் அன்று அத்தான் கத்தியை அவன் இடுப்பில் கட்டினார்.

"சாணைக் கல்லுல மட்டும் வெக்காதடா. சண்டையில வெச்ச கூரு அது. போயிடும்."

"சரிப்பா."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். வழியனுப்புகிற நேரத்தில் எதற்கு என்று பேசாமல் இருந்தேன். அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு மாதத்தில் அவன் இரண்டு கைகளிலும் கட்டோடு வந்தான். ஜீப் கவிழ்ந்து தீப்பிடித்திருக்கிறது. டிரைவர் தன் சீட் பெல்ட்டில் மாட்டிக்கொண்டான். இவன் கத்தியை எடுத்து அறுத்திருக்கிறான். பெல்ட்டில் ஒரு நூல்கூட அறவில்லை. தீ கையைப் பிடிக்கிற வரைக்கும் விடவில்லை.

"அது தீட்டவே தீட்டாத கத்தின்னு எங்க ஸ்டோர்காரர் பார்த்ததுமே சொல்லிட்டாருப்பா" என்றான்.

அத்தான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேக்கறவங்க எல்லாரும் அவ்வளவு ஆசையா கேட்டாங்கடா. இல்லைன்னு சொல்ல வாய் வரல" என்றார்.

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இனிமே யாராவது கேட்டா மூணுன்னு சொல்லாதீங்கப்பா. ஒண்ணுன்னு சொல்லுங்க. அந்த டிரைவருக்கு இருபத்திரெண்டு வயசு."