மிச்சம் இருந்த நாலு படம்

பேர்ணடெற் என்ற பெயர் முதன்முதல் என் காதில் விழுந்தது யூஜினா மச்சாளின் கலியாண வீட்டில். "படம் பிடிக்க வேணும், பேர்ணடெற் எங்க?" என்று, கமெரா வைத்திருந்த அவளை ஆளுக்காள் தேடினார்கள்.

பேர்ணடெற்றின் புருஷன் பிறெடியின் கடைசி நத்தார்ப் பண்டிகைப் படங்கள் இருபது வருஷமாகக் கமெராவுக்குள்ளேயே கிடந்தன. முப்பத்தாறு படமும் முடியாமல் பிலிமைக் கழுவக் கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. அதில் நான்கு மிச்சம் இருக்கும்போதே பிறெடி செத்துப்போனார். பிறகு கழுவுகிற கடைகளே இல்லாமல் போயின.

இப்போது இளம்பிள்ளைகள் மறுபடி பிலிமுக்கு அலைகிறார்கள். வெள்ளவத்தையில் புதிதாக ஒரு கடை திறந்ததும், பிறெடியின் முகத்தைப் பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறிப் போனாள்.

"அன்டி, இன்னும் நாலு படம் பிடிக்க ஈக்குதே," என்றாள் கடைக்காரி நிம்றா.

"பிடிக்க வீட்டில ஆருமில்ல பிள்ளை. மகன்மார் ரெண்டு பேரும் கனடாவில."

"அப்ப நீங்க நில்லுங்க. கொஞ்சம் சிரிங்க, பாஸ்போட்டுக்கா எடுக்கிற?"

அடுத்த கிழமை போனபோது, பிலிம் பழசாகி, பிறெடி இருந்த முப்பத்திரண்டும் வெறும் புகையாய் அழிந்திருந்தன. கடைசி நான்கில் மட்டும் அவள் மங்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மகன்மாருக்கு வட்ஸ்அப்பில அனுப்பவா?" என்று நிம்றா கேட்டாள்.

"வேண்டாம். தனிய நிக்கிறன் எண்டு கவலைப்படுவினம்."

பேர்ணடெற் இப்போதும் கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள்.