சிவப்பாக ஒரு வாய்

வியட்நாம் மொழியில் 'வாய்' என்று சமமாகச் சொன்னால் நாடகத்தில் வேஷம். அதையே குரலைக் கீழே இறக்கி மேலே தூக்கிச் சொன்னால் துணி. நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த அநியாயத்தை யாரிடம் போய் முறையிடுவது? சைகோனில் பகலெல்லாம் துணியைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் வேஷத்துக்காக அலைந்த தமிழன் நான் ஒருவன்தான். என் தலையில்தானா இது விடிய வேண்டும்?

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், காரைக்காலிலிருந்து வந்த தூரத்து மாமா ஒருவரின் துணிக்கடையில் வேலை. சோறும் சம்பளமும் அவர் தயவு. எனக்கோ நடிப்புப் பைத்தியம். ஒரு விடுமுறை நாளில் லாம்பிரெட்டா என்ற மூன்று சக்கர வாடகை வண்டி ஏறி, சீனர்கள் பேட்டையான சோலோனுக்குப் போனேன். அங்கே பாட்டு நாடகக் குழு ஒன்றை நடத்தி, தானே ராணி வேஷமும் கட்டிய அம்மாளின் எதிரில் போய் நின்றேன்.

"அக்கா, வாய் விஷயமா வந்தேன். பெரிசோ சின்னதோ, எதுவா இருந்தாலும் சரி."

கடைப் பழக்கம். குரலை இறக்கித் தூக்கிச் சொல்லியிருக்கிறேன், எனக்கே தெரியாது. தமிழன் என்றாலே துணிக்காரன் என்று நினைக்கிற ஊர் அது. அம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க, ஏழாவது அண்ணா!" என்றாள். அங்கே நம்மவர் எல்லோருக்கும் அதுதான் பெயர். ஏன் ஏழு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "பெரிசாவே வேணும். ராணி வர்ற காட்சிக்கு. சிவப்பா, பளபளன்னு இருக்கணும். சனிக்கிழமை காலைல வந்துடுங்க."

ராணி இருந்தால் ராஜா இல்லாமலா? சிவப்பு என்றதும் என் தமிழ்ப் புத்தி நேராகத் தோல் நிறத்துக்குப் போய்விட்டது. நானோ அட்டக்கரி. அந்த ஊரில் சிவப்பு என்றால் மிளகாய்ச் சிவப்பு மட்டும்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சனிக்கிழமை முகம், கழுத்து, காது மடல் என்று ஒரு இடம் விடாமல் பவுடரை அப்பிக்கொண்டு போய் நின்றேன்.

அம்மாள் என் கைகளைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்கே?"

"இதோ" என்று முகத்தைக் காட்டினேன்.

"துணி எங்கேன்னு கேக்கறேன்! திரை தைக்கணும்!"

புரிந்தபோது அவமானத்தில் கண்ணீர் முட்டி, பவுடரில் கோடு கோடாக வழிந்தது. அந்த மகராசியோ ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையே நாளைக்குப் பகல் ஆட்டத்துல என்கிட்ட வந்து செய்யுங்க. ஜனம் சிரிச்சா தினமும் உங்களுக்கு வேஷம்" என்றாள்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மாள் அன்றைக்கே ஆள் அனுப்பித் திரைக்கு அவரிடம் சிவப்புப் பட்டு வாங்கியிருந்தாள்; அந்தக் குஷியில் இருந்தார்.

"சிரிச்சா, தினம் சாயங்காலம் போயிட்டு வா. சிரிக்கலேன்னா, இனிமே நாடகம் கீடகம்னு கடையில பேச்சே வரக் கூடாது. நானே வந்து பாக்குறேன்."

அப்புறம் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நடிகன் என்றால் உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டாமா? எதிர்க்கடையில் சூப் விற்கும் பெண்ணிடம் அந்த ஒரு சொல்லை ஏறாமல் இறங்காமல் சமமாகச் சொல்லிச் சொல்லி, அவள் கரண்டியை ஓங்கும்வரை பழகினேன்.

மறுநாள் மேடை. முன்வரிசையில் மாமா. அம்மாள் ராணிக் கிரீடத்தோடு நிற்கிறாள்.

"அக்கா, வாய் விஷயமா வந்தேன்."

அட்சர சுத்தம்! சைகோன்காரனே தோற்றான். கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வேஷம் கேட்டு வந்தவன் ஒழுங்காக வேஷம் கேட்டால் எவன் சிரிப்பான்? அம்மாள் கிரீடத்துக்குக் கீழே பல்லைக் கடித்தாள். நான் பயந்துபோய் மறுபடி சொன்னேன், இன்னும் சுத்தமாக. பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். என் வாழ்க்கை கண்ணெதிரே முடிந்துகொண்டிருந்தது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. நான் துணி விற்கத் தெரியாமல் வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, கொட்டகையைப் பார்த்துத் திரும்பினார். அந்த ஊரிலேயே தலை நரைத்தவர், ஆனால் இந்த ஏற்ற இறக்கத்தை எல்லாம் ஒரு நாளும் மதித்ததில்லை.

"வாய் வேணுமா வாய்? நம்ம கடைக்கு வாங்க! பத்துப் பேர் உடுத்தினாலும் கிழியாது! வேணுங்கற நீளத்துக்கு வெட்டித் தரேன்!"

மனுஷர் சமமாகச் சொல்லித் தொலைத்தார். வேஷத்தை வெட்டித் தருகிறாராம்! கொட்டகை அதிர்ந்தது. ஜனம் நாற்காலியில் அடித்துச் சிரித்தது. மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "துவைச்சாலும் சாயம் போகாது!" என்று அடுத்ததையும் எடுத்துவிட்டார்.

அம்மாள் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கையை நீட்டப் போனேன். என்னைத் தாண்டி நேரே மாமாவிடம் போனாள்.

"பெரியவரே, தினமும் சாயங்காலம் வர முடியுமா?"

மாமா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"சாயங்காலம் கடையை நீ பாத்துக்கடா தம்பி."