மடிப்புக்குள் ஒரு கொலை

சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துடைத்து, விரல் நுனிகளை முகர்ந்தும் பார்த்த பிறகுதான் சோபாக்காரர் அந்தத் துணிப்பொட்டலத்தை அவிழ்ப்பார். சாப்பிட உட்காரும்போது இதில் பாதிச் சுத்தம் இருந்தால் போதும் என்று கல்யாணமான நாளாகக் கெஞ்சிக்கொண்டிருக்கும் அவர் மனைவி, தையல் மெஷினில் உட்கார்ந்தபடி இந்தத் திருக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பொட்டலத்துக்குள் இருப்பது ஒரு பழைய புத்தகம். ரிப்பேருக்கு வந்த கிழட்டுச் சோபா ஒன்றின் கைப்பிடிக்குள் அகப்பட்டது. எந்தச் சோபாவையும் பிரிப்பதற்கு முன் இடுக்குகளில் முழங்கைவரை கையை விட்டுத் துழாவுவது அவர் வழக்கம். சீப்பு, பேனா மூடி, ஒற்றைத் தோடு, ஒருமுறை யாருடையதோ பல்செட்கூட வந்திருக்கிறது. கிடைத்ததை உரியவரிடம் சொல்லிவிடுவார். இதையும் சொன்னார். "அத யாரு படிக்கப் போறா, குப்பைல போடுங்க" என்றார்கள். அன்றைக்குப் பிடித்தது மனைவிக்குச் சனி.

அது ஒரு துப்பறியும் நாவல். அச்சடித்த தாளை மடித்துத் தைத்து அப்படியே விற்ற காலத்துச் சரக்கு. வாங்கியவர்தான் மடிப்பைக் கத்தியால் வெட்டிப் படித்துக்கொள்ள வேண்டும். வாங்கிய புண்ணியவான் வெட்டவே இல்லை. ஆகவே இரண்டு பக்கம் படிக்கலாம், அடுத்த இரண்டு பக்கம் மடிப்புக்குள் அடைபட்டுக் கிடக்கும். விட்டு விட்டு வந்த அந்தப் பக்கங்களை மனைவி ஒரே மூச்சில் படித்துவிட்டாள். மாமனார் செத்துக் கிடக்கிறார். அறை உட்புறம் தாழிட்டிருக்கிறது. மூத்த மருமகன் எதையோ மறைக்கிறான். எதை என்பது மடிப்புக்குள் இருந்தது.

"ஏங்க, ஒரே ஒரு மடிப்பு. கடைசி மடிப்ப மட்டும் வெட்டிப் பாத்துடறேனே."

"தொட்டுப் பாரு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்களே, அதுதான். தானும் படிக்க மாட்டார், படிக்கிறவளையும் விட மாட்டார். கேட்டால் ஆராய்ச்சி என்பார். கண்ணாடி விரிசல் விட்ட செல்போனை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு, தேடாத நூலகம் இல்லை, விசாரிக்காத வாடிக்கையாளர் இல்லை. நாற்காலிக்குக் குஷன் தைக்கக் கொடுக்க வந்த பல் டாக்டரிடம்கூட அபிப்பிராயம் கேட்டார்.

"உலகத்துல எந்த லைப்ரரிலயும் இது இல்லடி."

"எந்த லைப்ரரிக்கும் வேணாம் போல."

"உனக்குப் புரியாது."

பிறகு வெளியூர்ப் பழைய புத்தக வியாபாரி ஒருவர் போனில் அகப்பட்டார். பக்கம் வெட்டியிருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றதும், "வெட்டிடாதீங்க, வந்து பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அதுவரை 'புக்கு' என்றிருந்தது 'பிரதி' ஆயிற்று. பிரதிக்கு ஆகாது என்று ஜன்னல் சாத்தப்பட்டது. சமையலறையில் எதையும் வறுக்கக் கூடாது, புகை பட்டால் பிரதி மஞ்சளாகிவிடும் என்று திருவாய் மலர்ந்தார். அது ஏற்கெனவே மஞ்சள்தான் என்று சொல்லி மனைவி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இதற்கிடையே கடையில் வயிறு கிழிந்த சோபாக்கள் ஸ்பிரிங்கைத் துருத்திக்கொண்டு வரிசை கட்டி நின்றன. போனில் திட்டு வாங்குவது, உறை தைப்பது, ஆணி அடிப்பது எல்லாம் மனைவியின் தலையில் விடிந்தன. "பிரதி கைமாறட்டும். கடைய மூடிடலாம். அடுத்தவன் உக்காந்த பஞ்ச இனிமே நாம தொடப்போறதில்ல" என்றார் சோபாக்காரர். அவளுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. மெஷினை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கியிருந்தது. கொலைகாரன் யாராக இருந்தால் என்ன, கடையை மூடினால் சரி என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மூத்த மருமகனை மறக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வியாபாரி வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முன்னட்டையிலிருந்து தொடங்கினார்.

"அபூர்வம்தான் சார். என் கண்ணுல இது பட்டதே இல்ல."

சோபாக்காரர் மனைவியைப் பார்த்த பார்வையில் கடையே மூடிவிட்டது.

"ஆனா இது வேணும்னு யாரும் கேட்டதும் இல்ல. அபூர்வம் வேற, கிராக்கி வேற. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், வெட்டாத புக்கா சேக்கறவர். அவர் மட்டும் நல்ல விலை குடுப்பார். ஒரு மடிப்புகூடப் பிரிஞ்சிருக்கக் கூடாது." சொல்லிக்கொண்டே கடைசிப் பக்கங்களுக்கு வந்தவர் நின்றார். "இது வெட்டியிருக்கே."

சோபாக்காரர் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. டம்ளர் உடைந்தால்கூட அவள் பெயரைச் சொல்லித்தான் கத்துகிற மனிதர், இப்போது உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பிசிறே இல்ல, ஒரே இழுப்பு" என்றார் வியாபாரி, பாராட்டுவதுபோல. "கத்தி பழகின கை."

அவள் கத்தரிக்கோலால் கத்தரிக்கிறவள். தோல் வெட்டும் கத்தியைத் தொடுகிற கை அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

வியாபாரி வந்த வழியே போனார். கடை மூடாது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முழங்காலை நினைத்து வந்ததைவிட, தன்னை விட்டுவிட்டுத் தனியாகப் படித்திருக்கிறாரே என்று வந்ததுதான் பெரிதாக இருந்தது.

"யாரு?"

"எது யாரு?"

"கொன்னது."

சோபாக்காரர் கத்தியை எடுத்து, விலை உயர்ந்த தோலுக்குச் செய்வதுபோல நகத்தில் கூர் பார்த்து, முதல் மடிப்பை வெட்டினார். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு கடைசிப் பக்கங்களை மட்டும் தன் உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.