இரண்டாக அறுத்த கட்டில்

என் அண்ணன் ஐம்பது வயதிலேயே கிழவனாகிவிட்டான். யாரும் ஆக்கவில்லை, அவனாகவே ஆகிக்கொண்டான். மகளுக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரமே கட்டம்போட்ட சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு வெள்ளைக்கு மாறினான். அண்ணியோடு கடைக்குப் போனால், பின்னால் வருவது யாரோ என்பதுபோலப் பத்தடி முன்னால் நடப்பான். சினிமாவுக்குக் கூப்பிட்டால் வயசாகிவிட்டது என்பான். கனமான பலகையைத் தனியாளாகத் தோளில் தூக்கும்போது மட்டும் அந்த வயசு எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

நான் பெண்களுக்கான அழகு நிலையம் வைத்திருக்கிறேன். பாதி வேலை நரைத்த தலைக்குச் சாயம் பூசுவதுதான். நாற்பதில் எல்லாம் முடிந்துவிட்டதாக அலுத்துக்கொள்கிறவர்களும் வருகிறார்கள், அறுபத்தைந்தில் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறவர்களும் வருகிறார்கள். அதனால் வயசைக் காட்டி என்னிடம் யாரும் கதைவிட முடியாது. அண்ணன் மட்டும் சளைக்காமல் விட்டுக்கொண்டிருந்தான்.

அவன் தச்சன். கட்டில் செய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டில் கேட்டு ஒரு ஜோடி வந்தால் எடுத்தவுடன் அளவு நாடாவைப் பிடிக்க மாட்டான். பட்டறைத் தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து, இருவரையும் வீட்டில் படுப்பதுபோலப் படுக்கச் சொல்வான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சாக்பீஸால் கோடு இழுப்பான். அதுதான் அவன் அளவு. புதிதாகக் கல்யாணமானவர்கள் கூச்சப்பட்டுத் தள்ளிப் படுப்பார்கள், வரும் வழியில் சண்டை போட்டவர்களும் தள்ளிப் படுப்பார்கள். "கொஞ்சம் கிட்ட வாங்க, பலகை மிச்சமாகும்" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்வான். ஊரார் படுக்கைக்கு இவ்வளவு பக்குவம் சொல்கிறவன் தன் கட்டிலை என்ன செய்தான் என்று கேளுங்கள்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். அறையில் துணி மடித்துக்கொண்டே, இன்னும் ரெண்டு பேருக்கும் ஒரே கட்டில்தானா என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். கேலிதான், வேறொன்றுமில்லை. அவள் கிளம்பிப்போன மறுநாள், அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தன் கல்யாணத்துக்குத் தானே செய்த இரட்டைக் கட்டிலை ரம்பம் போட்டு நடுவில் அறுத்துவிட்டான். அறுத்த பக்கங்களுக்குப் புதுக் கால்கள் கொடுத்து, ஒன்றை ஜன்னலோரமும் மற்றதைச் சுவரோரமும் போட்டான். நடுவில் ஒரு பீரோவை நகர்த்திக்கொண்டு போகலாம்.

அண்ணிக்கு மருந்துக் கிடங்கில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. நாள் முழுக்க நின்ற காலோடு சாயங்காலம் வந்து பார்த்தவள், சரி என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் இதுதான் வசதி என்று அண்ணன் முடிவுகட்டிவிட்டான். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அண்ணியின் 'சரி'யில் எத்தனை வகை உண்டு என்று தெரியவில்லை.

மாதம் தவறாமல் என்னிடம் சாயம் பூச வருகிறவள் இந்த முறை வரவில்லை. நானே போய்க் கேட்டேன். பூசி யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள். தோண்டித் துருவியபிறகுதான் கட்டில் கதை வெளியே வந்தது. அழவில்லை. மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பெருசா ஒண்ணும் கேக்கல. ராத்திரி முழிப்பு வந்து கைய நீட்டினா ஆள் தட்டுப்படணும். மத்ததும் வேணும்தான், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதுவும் இல்லன்னா, நான் அந்த வீட்டுல யாரு?"

அன்றைக்கே பட்டறைக்குப் போய் அண்ணனைப் பிடி பிடியென்று பிடித்தேன். இழைப்புளியைக் கீழே வைக்காமலே, அவளேதான் சரி என்றாள் என்றான். மகள் என்ன நினைப்பாள் என்றான். விடாமல் கேட்டதில், இந்த வயசில் பக்கத்தில் போனால் அவளுக்குத் தொந்தரவுதானே, முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வது என்று முணுமுணுத்தான். பயந்தாங்கொள்ளி, இத்தனை நாளும் வயசுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான். கண்ணைப் பார்த்தால் அவனும் ஒழுங்காகத் தூங்கினதாகத் தெரியவில்லை. அவளிடமே வாயைத் திறந்து கேட்டுத் தொலையேன் என்றேன். போய் உன் வேலையைப் பார் என்றான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய் எனக்குத்தான் நரைக்கிறது.

திரும்பிப்போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். மறுநாள் அவளுக்கு விடுமுறை. மதியம் செருப்பை மாட்டிக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்து, கிளம்பு என்றாள்.

பட்டறையில் சாப்பாட்டு நேரம். பாலிஷ் போடுகிறவர் மூலையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்திருந்தார். அண்ணி நேராக அண்ணன் எதிரில் போய் நின்றாள்.

"ரெட்டைக் கட்டில் ஒண்ணு வேணும். அளவெடுங்க."

சொல்லிவிட்டு, அந்தப் பழைய போர்வையைத் தானே உதறி விரித்து, மரத்தூளுக்கு நடுவில் படுத்துக்கொண்டாள். பாலிஷ்காரர் டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு இருந்த விவரத்தில் பாதி என் அண்ணனுக்கு இருந்திருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இல்லை.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்திரு, யாராவது வந்துவிடுவார்கள் என்று கெஞ்சினான்.

"வரட்டும். ஒரு ஆளுக்கு ரெட்டைக் கட்டில் அளவு எப்படி வரும்? பக்கத்துல படுக்கிற ஆள் எங்க?"

வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கதவைச் சாத்தினேன். ஒருவழியாகப் படுத்தான், போர்வையின் ஓரத்தில், விறைத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டியபடி. சாக்பீஸை நான்தான் எடுத்தேன். அண்ணி பக்கம் ஒரு கோடு போட்டேன். சுற்றிவந்து அவன் பக்கம் இன்னொரு கோடு போட்டேன். நடுவில் கிடந்த காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

அண்ணி கையை நீட்டினாள். எட்டவில்லை. மடக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"எனக்குத் தொந்தரவுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று அவன் முதுகைக் கேட்டாள். "கொஞ்சம் கிட்ட வாங்க. பலகை மிச்சமாகும்."

அண்ணன் திரும்பினான். நகர்ந்து நகர்ந்து, சட்டையெல்லாம் மரத்தூளாக, அந்தக் கை எட்டுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தான். நான் போட்ட கோடு அவனுக்குப் பின்னால் அம்போவென்று கிடந்தது. ஒரு வேலையை ஒரே தடவையில் முடிக்க விடுகிற ஜென்மமா அவன்? கோட்டைக் காலால் அழித்துவிட்டு மறுபடி குனிந்தேன்.