கூத்தாடி நெளிந்த தண்ணீர்

எனக்கு எண்பத்தொரு வயது ஆகிறது. ஏழு பெற்றேன், ஆறை வளர்த்து ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து இது. கோணலாக இருந்தாலும் என்னுடையது, யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. வளராமல் போன ஒருத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் எனக்கு நாலாவது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். மழை பொய்த்து, தெருக்குழாயில் தண்ணீர் வருவது, பல வருஷத்துக்கு ஒருமுறை மாதா கோயில் தங்கத்தேர் வருகிற மாதிரி ஆகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கடலுக்குத் தங்கச்சி, வாயில் வைக்க முடியாது. மாட்டுவண்டியில் கொண்டுவந்து விற்பவனிடம் வாங்கித்தான் குடித்தோம். என் வீட்டுக்காரருக்குக் கொழும்புக்குப் போகிற தோணியில் வேலை. தோணியில் ஆட்களுக்குக் குடிதண்ணீர் வைக்கிற பழைய மரப் பீப்பாய் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு அந்தப் பயணம் போனார். அவ்வளவு தண்ணீர் தேக்கி வைத்த வீடு எங்கள் தெருவில் வேறு கிடையாது. எனக்கு அதில் பெருமைதான்.

வண்டித் தண்ணீரில் உப்புத் தண்ணீரைக் கலந்து விற்பவர்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எங்கள் பெண்களிடம் ஒரு வழி இருந்தது. தேக்கி வைத்த தண்ணீரில் சில நாளில் கூத்தாடிப் புழு நெளிந்தால் அது நல்ல தண்ணீர், நெளியாவிட்டால் கலப்படம். அதனால் புழுவைக் கண்டால் நாங்கள் முகம் சுளிப்பதில்லை. முந்தானையை மடித்து வடிகட்டிக் குடிப்போம்.

பக்கத்து வீடு என் வீட்டுக்காரரின் அண்ணன் வீடு. அந்த வீட்டு மைனி குடத்தோடு வந்து பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏளா, என்னமா குதியாட்டம் போடுது பாரு! இதுல்லா ஆத்துத் தண்ணி. எனக்கும் ஒருத்தன் ஊத்துனான், ஒரு புழுகூட இல்ல. அவன் வண்டி அச்சு முறிய.”

“ரெண்டு குடம் எடுத்துக்கோங்க மைனி.”

“எடுக்கத்தானே வந்திருக்கேன். பின்ன, ஒன் மூஞ்சியப் பாக்கவா வந்தேன்?”

கொஞ்ச நாளில் தெருவில் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்தும், எலும்பு நொறுங்குகிற மாதிரி வலிக்கும். புதுத் துறைமுகம் வந்த நேரம். கப்பலில் வந்த காய்ச்சல் என்றார்கள். “சரக்கு எறக்கக் கூலி கேப்பானுவ, இத மட்டும் சும்மா எறக்கிட்டானுவ” என்று டீக்கடையில் சிரித்தவர்களும் பிறகு படுத்தார்கள்.

கொசு என்றும் சிலர் சொன்னார்கள். கொசு என்றால் எங்களுக்குச் சாக்கடைக் கொசு, இருட்டினால் வருவது. பொழுது சாய்ந்ததும் வேப்பிலைப் புகை போட்டேன், வலை கட்டினேன், வாசல் சாக்கடையை நானே அள்ளினேன். பகலில் என் நாலாவது பீப்பாய்க்குப் பக்கத்தில்தான் கிடப்பாள். முற்றத்தில் அந்த இடம்தான் ஈரமாக, குளுமையாக இருக்கும். படுத்தபடியே காலைச் சொறிவாள். உப்புக் காற்று அரிப்பு என்று எண்ணெய் தடவினேன்.

அவளுக்கும் காய்ச்சல் வந்தது. கம்பவுண்டர் கொடுத்த மருந்தும் கஞ்சியுமாகக் கிடந்தாள். ஒரு காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. மைனி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“விட்டுட்டுளா. மாதா கண்ணத் தொறந்துட்டா. தலைக்கு ஊத்தி ரசஞ்சோறு குடு.”

காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றுவது எங்கள் வழக்கம். தண்ணீரை வெயிலில் வைத்து, வேப்பிலை போட்டு ஊற்றினேன். துவட்டும்போது, “அம்மா, வயிறு வலிக்கி” என்றாள். பசி என்று நினைத்தேன். சோறு ஊட்டினேன். ஒரு வாய் இறங்கியது. அடுத்த வாய் சிவப்பாக வெளியே வந்தது. ஈறில் ரத்தம்.

மடியில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தபடியே கேட்டாள்: “காய்ச்சல் எப்ப விட்டுது?”

“இன்னைக்குக் காலையிலம்மா. நல்லாயிட்டா.”

“விடுற நேரத்துலதான் இது ஆளக் கவுக்குது. நாங்களே இப்பதான் பாக்குறோம்.”

“இதுக்குப் பேரு என்னம்மா?”

“வெஷக்காய்ச்சல்னு எழுதுறோம்” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு டெங்கு என்கிறார்கள். அதுதானா என்று யார் கண்டது? அன்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. பாட்டில் ஏற்றினார்கள். ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்தது. வெயில் தாழும் முன்பே போய்விட்டாள். அவள் அப்பா அப்போது கொழும்பில் மூட்டை இறக்கிக்கொண்டு இருந்திருப்பார். அவர் வராமலே அடக்கம் பண்ணினோம்.

அந்த வாரமே முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் வந்தார். பீப்பாய்க்குள் பார்த்துவிட்டு, “புழுவாக் கெடக்கு, பூராத்தையும் கொட்டணும்” என்றார்.

மைனி விடவில்லை. “புழு இருக்கதுனாலதானவே அது நல்ல தண்ணி! கொட்டிட்டு கடலக் குடிக்கவா? நீரு தருவீரா?”

“எனக்கென்ன ஆச்சி, சொல்லச் சொன்னத சொல்லுதேன். இது பகல்ல கடிக்கிற கொசு. நல்ல தண்ணியிலதான் முட்ட போடும். இந்தப் புழுதான் கொசுவாப் பறக்கும்.”

“யாருக்குவே ஆச்சி? ஒம்ம அக்கா வயசுகூட எனக்கு இருக்காது!”

அவர் என்னைப் பார்த்தார். துக்க வீடு என்று தெரிந்ததோ என்னவோ, பீப்பாயைத் தொடாமல் போய்விட்டார். நான் பீப்பாயைப் பார்த்தேன். அவள் படுத்துக் கிடந்த இடத்தையும் பார்த்தேன். அவர் சொன்னது எனக்கு விளங்கிவிட்டது. கொட்டிவிட்டால் அடுத்த வண்டி என்றைக்கு வரும் என்பதுதான் தெரியவில்லை. உள்ளே ஆறு பேர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கொட்டவில்லை. முந்தானையை நாலாக மடித்து, சொட்டுச் சொட்டாக வடிகட்டினேன். துணியில் நின்றதை அடுப்புச் சாம்பலில் உதறினேன். ஆறு பேருக்கும் குடிக்கக் கொடுத்தேன். அதன் பிறகு மழை வரும்வரை பகலெல்லாம் அவர்கள் கால்மாட்டில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தேன். ஒருத்தன் எழுந்து ஓடினால் நானும் விசிறியோடு பின்னால் ஓடுவேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவே சொன்னது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஆறில் ஒன்றைக்கூடக் காய்ச்சல் தொடவில்லை.

அதற்காகச் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை.

“ஏளா பேத்தி, இங்கன வா. இத எனக்கு வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தா இருக்கட்டும், திருத்தாத. நான் தலைக்கு ஊத்துன எடம் வரும், அங்கன நிறுத்திட்டு என் மொகத்தப் பாக்காத. வாசிச்சிக்கிட்டே போ.”