வெயிலில் காய்ந்த போத்தல்கள்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் கொக்குவில் தக்சாயினிக்குப் பற்றிக்கொண்டு வரும். பசளிக் கீரையை அரைத்து, இலைக்குள் வெயிலைப் பிடிக்கிற பச்சைப் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதைக் கொண்டு ஹைட்ரஜன் எரிபொருள் உண்டாக்குவது என்று எத்தனை தரம்தான் சொல்வது? சொன்னாலும், "கீரைக்கறி வைக்கவோ கம்பசுக்குப் போறாய்?" என்றுதான் கலியாண வீடுகளில் கேட்பார்கள். வருடக்கணக்காக இதே பல்லவி.

அன்று மத்தியானம், பல்கலைக்கழகத்தில் அவள் செய்யும் ஆய்வைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். விளக்கைப் போட்டதும் ஹைட்ரஜன் குமிழி கிளம்புவதைக் கண்ணால் கண்டால்தான் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து, முதல் நாள் ஆய்வுகூடத்துப் பிறிட்ஜ் நின்றுபோனது. வேறு வழி? இருந்த புரதம் முழுவதையும் கறுப்புத் தாள் சுற்றிய போத்தல்களில் கொண்டுவந்து, வீட்டுப் பிறிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் ஆய்வுகூடத்தில் கருவிகளைச் சரிபார்த்துவிட்டுப் போத்தல்களை எடுக்க வீட்டுக்கு வந்தால், தயிர்ச் சட்டி மட்டும் இருந்தது.

முற்றத்துப் பாயில், மோர்மிளகாய்க்கும் வடகத்துக்கும் நடுவே, அவளுடைய போத்தல்கள் காய்ந்துகொண்டிருந்தன. கறுப்புத் தாளை உரித்து, பத்திரமாக மடித்து வேறு வைத்திருந்தது. பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டது. பக்கத்தில் கையில் தடியோடு அம்மா மீனாம்பிகை.

"ஐயோ அம்மா! ஆர் உங்களை உதிலை கை வைக்கச் சொன்னது?"

"நீதானே பிள்ளை சொன்னனீ, உது வெயிலிலைதான் வேலை செய்யுமெண்டு. பெரிய ஆக்கள் வருகினம், நல்லாய் வெயில் குடிக்கட்டுமெண்டு வைச்சனான். காகம் தட்டிப்போடுமெண்டு விடியத் துவக்கம் இதிலையே குந்தியிருக்கிறன்."

"அது இலைக்குள்ளை இருந்தால்தானம்மா வெயிலைத் தாங்கும்! வெளியிலை எடுத்தால் குளிரிலை, இருட்டிலை வைக்கவேணும். எல்லாத்தையும் எரிச்சுப்போட்டீங்களே!"

ஊரெல்லாம் விளக்கம் சொன்னவள் இந்த ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

மத்தியானம் ஆய்வுகூடத்தில், பழுப்பாகிப்போனதையே வைத்து விளக்கைப் போட்டாள். ஒரு குமிழிகூட வரவில்லை. வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்தார்கள், அறையை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போவதாகத் தன்மையாகச் சொன்னார்கள், ரயிலேறிவிட்டார்கள். தன்மையாகச் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்தபோது வெயிலில் கறுத்த முகத்தோடு அம்மா வாசல் படலையடியில் நின்றாள்.

"கோவியாதை பிள்ளை. இங்கை வந்து பார்."

பிறிட்ஜைத் திறந்து காட்டினாள். தயிர்ச் சட்டிகூட இல்லை. தட்டுகளெல்லாம் கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தன.

"முழுக்க உனக்கெண்டு ஒழிச்சு வைச்சிருக்கிறன். அடுத்தமுறை ஒருத்தரும் தொடமாட்டினம்."

அடுத்தமுறை ஏதம்மா என்று கத்த வேண்டும்போல் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் அம்மா" என்று சொல்லி, பிறிட்ஜைச் சாத்தினாள்.