கங்கம்மா வாளியில் போட்ட துண்டு

கங்கம்மாவைப் போல உண்டா என்று இப்போது தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் ஸ்கெலட்டன் லைனில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு அவள் வாசலில் தடியோடு நின்றவர்கள்தானே இவர்கள் எல்லாம்! மற்றவர்களைச் சொல்வானேன், தசரதன் என்கிற நானும் நின்றேன். என் கையில் இருந்தது பாறையில் துளை போடுகிற இரும்புக் கம்பி.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் அவள். சுரங்கத்தில் பாறை விழுந்து புருஷன் போனபின், பன்றி வளர்த்தும் அறுத்தும் பிழைத்தாள். எங்கள் லைனில் எந்தப் பன்றி இருமினாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். பன்றியைத் தரையில் அமுக்கி விலாவில் காதை வைப்பாள். நாயைப் போலக் குந்திக்கொண்டு மூச்சு வாங்குகிறதா, தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதா என்று விசாரிப்பாள். "உள்ளார கரகரன்னு கீது, தேறாது" என்றாளானால் மூன்றாம் நாள் அது செத்துக் கிடக்கும். செத்ததையும் சும்மா விடமாட்டாள். நெஞ்சைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் புதைக்க விடுவாள்.

தங்கம் பிரிக்கிற மில்லில் சயனைடு தொட்டி கட்டிய மறுவருஷம், பத்தே நாளில் லைனில் பத்தொன்பது பன்றிகள் செத்தன. மில் காவல்காரன் முனிரத்தினம் சயனைடு தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிட்டான் என்று எங்கள் லைன் காத்தவராயன் கிளப்பிவிட்டான். எங்களுக்கு அது போதுமாயிருந்தது. தொட்டிப் பக்கம் வரும் பன்றிகளைக் கல்லால் அடிக்கிற ஆள் அந்த முனிரத்தினம். போன மாதம்தான் கங்கம்மாவின் பன்றிக்குட்டி ஒன்றின் காலை ஒடித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனைப் பிடித்தோம். கட்டி இழுத்துவந்து கங்கம்மா வாசலில் போட்டு மிதித்தோம். மூக்கு உடைந்தது. பல் இரண்டு மண்ணில் விழுந்தது. நான் கம்பியால் முழங்காலில் போட்டேன். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. நிஜத்தைச் சொல்கிறேன், அப்போது எனக்கு உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. காத்தவராயன் பாறாங்கல் ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான்.

"டேய், நிறுத்துங்கடா! அவன் வெஷம் வெக்கல. இது பன்னிங்களுக்கு வர்ற நெஞ்சு நோவு" என்று கத்திக்கொண்டு வந்தாள் கங்கம்மா. கையில் அறுக்கிற கத்தி இருந்தது.

"உன் பன்னி காலையும் ஒடிச்சவன்தானே, அவனுக்கு இன்னாத்துக்கு நீ பரிஞ்சிகினு வர்ற?" என்றான் காத்தவராயன்.

"அவன் நாசமாப் போறவன்தான். ஆனா இத்த அவன் செய்யல."

காத்தவராயனின் பன்றி அன்று காலையில் செத்து, அறுத்துப் பார்ப்பதற்காக அவள் வாசலிலேயே கிடந்தது. அதன் நெஞ்சைப் பிளந்தாள். நுரையீரல் விலாவோடு ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தாள். முன்பக்கம் ஈரலைப் போலக் கறுத்துக் கெட்டியாக இருந்தது. அழுத்தினால் மஞ்சளாகச் சீழ் வந்தது. அதில் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டாள். முழுகிப் போயிற்று.

"காத்து இருந்தா மெதக்கும்டா. சீழ் அடைச்சிகினு கீது, அதான் முழுவுது. சயனைடு தின்னா அங்கயே துடிச்சி சாவும். பத்து நாள் இருமிகினு குந்தாது."

"செத்து ஊறிப்போனது எதுவா இருந்தாலும் முழுவும்" என்றான் அவன். கல் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

கங்கம்மா பட்டிக்குள் போனாள். இருமிக்கொண்டிருந்த தன் தாய்ப்பன்றியைக் காதைப் பிடித்து இழுத்துவந்தாள். முழங்காலால் அமுக்கிக் கழுத்தில் கத்தியை இறக்கினாள். அது போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. இரத்தம் அவள் முகத்தில் அடித்தது. சூடு ஆறுவதற்குள் நெஞ்சைத் திறந்தாள். அதே கறுப்பு, அதே சீழ். கெட்டியான இடத்தில் வெட்டிய துண்டு முழுகியது. அதே நுரையீரலின் பின்பக்கம் வெளுத்து மெத்தென்று இருந்தது. அங்கே வெட்டிய துண்டு மிதந்தது. வாளியைச் சுற்றி நின்ற நாங்கள் தடிகளைத் தாழ்த்தினோம்.

காத்தவராயனுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. "நோவுன்னா அது எங்கேருந்து வந்தது? இவன்தான் எதையாவது கொண்டாந்து போட்டிருப்பான்!" என்று திரும்பவும் கல்லை ஓங்கிக்கொண்டு முனிரத்தினத்தின் தலைக்கு நேராக நின்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அந்தக் கல் விழுந்திருக்கும்.

"நான்தான் கொண்டாந்தன்" என்றாள். "கோலார் சந்தையில வாங்கினேனே, அந்தக் கெடாப் பன்னி. வரும்போதே இருமிச்சி. சரியாப் போவும்னு நெனச்சி, கட்டிப் போடாம உட்டுட்டன். தப்பு என்னுது."

காத்தவராயன் கல்லைக் கீழே போட்டான். நாங்கள் எல்லோரும் பட்டிக்குள் பாய்ந்தோம். பதினோரு பன்றிகள். தடியால், கல்லால், கம்பியால் விளாசினோம். இருமியது, இருமாதது என்று யாரும் பார்க்கவில்லை. முதுகொடிந்த ஒன்று முன்னங்காலால் உடம்பை இழுத்து இழுத்து அவளிடம் போனது. அவள் எங்களைத் தடுக்கவில்லை.

"மண்டையில அடிங்கடா. ஒரே அடியா அடிங்க. பாவம், வலிக்குதுடா அதுக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த முதுகொடிந்ததை மண்டையில் அடித்து முடித்தவன் நான்.

முனிரத்தினம் பிழைத்தான், நொண்டிக்கொண்டு. கங்கம்மா அதற்கப்புறம் பன்றி வளர்க்கவில்லை. சுரங்கத்தில் கூலிக்குக் கல் பொறுக்கப் போனாள். ஆனால் யார் வீட்டுப் பன்றி இருமினாலும் வந்து காதை வைத்துப் பார்த்தாள். காத்தவராயன் வீட்டுக்கும் போனாள்.

மறுவருஷம் என் பன்றிகள் ஐந்தும் இருமின. நான் அவளைக் கூப்பிடவில்லை. ஐந்தும் செத்தன. அவள் வரமாட்டாள் என்றா கூப்பிடாமல் இருந்தேன்? கூப்பிட்டிருந்தால் உடனே வந்திருப்பாள். அதைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.